ஷூவுக்குள் ஒரு கேரட்: டிசம்பர் 5 சின்டர்கிளாஸ் மாலையை வீட்டில் நடத்துவது எப்படி

நெதர்லாந்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த முதல் வருடமே, நவம்பர் நடுவில் இந்த விஷயம் வீட்டுக்குள் வந்துவிடும். வகுப்பிலிருந்து ஒரு தகவல்: நாளை ஒரு ஷூ கொடுத்தனுப்பவும். கொஞ்சம் பெரிய வகுப்பென்றால், டிசம்பர் முதல் வாரத்துக்குள் ஒரு 'சுர்ப்ரீஸ'வும் (பரிசை ஒளித்துவைக்கும் உருவம்) ஒரு பாட்டும் தயாராக வேண்டும். கிறிஸ்துமஸுக்குத்தான் இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. இங்கே பரிசு கொண்டுவருபவர் வேறு ஆள், சின்டர்கிளாஸ்; தேதியும் வேறு, டிசம்பர் 5. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு இவர் மூத்தவர். தாத்தாவுக்கே தாத்தா என்றும் சொல்லலாம்.

எல்லாவற்றையும் கடையில் வாங்கி ஒப்பேற்றிவிட முடியும். ஆனால் ஒவ்வொரு வழக்கமும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், எதை விடலாம், எதை விடக் கூடாது என்பது பிடிபடும். அதனால் முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம்.

மீராவின் ஆயர்

இன்றைய துருக்கியின் தென்கரையில் தெம்ரே என்று ஓர் ஊர் இருக்கிறது. பழைய பெயர் மீரா. 4ஆம் நூற்றாண்டில் அங்கே ஆயராக இருந்த புனித நிக்கோலஸ்தான் சின்டர்கிளாஸ். பக்கத்துத் துறைமுகமான பதாராவில் பிறந்தவர், 343 டிசம்பர் 6 அன்று இறந்தவர் என்பது மரபு. அவரைப் பற்றிய உறுதியான வரலாறு கைப்பிடியளவு, கதைகள் மலையளவு. அதில் ஒரு கதைதான் இந்த மாலைக்கு வேண்டியது.

நொடித்துப்போன ஒருவருக்கு மூன்று பெண்கள். வரதட்சணை கொடுக்க வழியில்லை. பெண்களின் வாழ்க்கை சீரழியும் நிலை. நிக்கோலஸ் இரவில் வந்து ஜன்னல் வழியாக ஒரு பொற்கிழியை உள்ளே எறிந்துவிட்டுப் போய்விடுகிறார். மூத்தவளுக்குக் கல்யாணம் ஆகிறது. இரண்டாவது கிழி, இரண்டாவது கல்யாணம். மூன்றாம் முறை தகப்பன் தூங்காமல் காத்திருந்து, ஓடிப்போய் ஆளைப் பிடித்துவிடுகிறார். உயிரோடு இருக்கும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று நிக்கோலஸ் அவரிடம் வாக்கு வாங்கிக்கொள்கிறார்.

மொத்த விழாவும் இந்தக் கதைக்குள் இருக்கிறது. கொடுத்தவர் இன்னார் என்று தெரியக் கூடாது; இருட்டில் வர வேண்டும்; கையில் கொடுக்காமல் எறிந்துவிட்டுப் போக வேண்டும். கிழி காயப்போட்ட காலுறைக்குள் விழுந்தது என்று பிறகு சேர்ந்த கதைவழிதான் ஷூவுக்கும் அடுப்புமேட்டில் தொங்கும் காலுறைக்கும் மூலம். தங்கத் தாள் சுற்றிய சாக்லேட் காசு அந்தப் பொன். மாண்டரின் ஆரஞ்சையும் அதே பொன்னின் உருண்டை என்று சொல்வார்கள்.

1087இல் இத்தாலியின் பாரி நகரத்து மாலுமிகள் மீராவிலிருந்து அவருடைய எலும்புகளை எடுத்துச் சென்றார்கள். கடலோடிகளின் காவலர் என்று துறைமுகம் துறைமுகமாகப் பெயர் பரவியது. ஆம்ஸ்டர்டாம் நகரின் காவலரும் அவர்தான். மத்திய ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் எதிரே கோபுரங்களோடு நிற்பது அவர் பெயரிலான தேவாலயம். ஒவ்வொரு வருடமும் அவர் ஸ்பெயினிலிருந்து கப்பலில் வருவதாகக் கதை. துருக்கிக்காரர் ஏன் ஸ்பெயினிலிருந்து வருகிறார் என்று பிள்ளை கேட்டால் ஒரு பதில் கைவசம் இருக்கட்டும்: பாரி நகரம் பல காலம் ஸ்பானிய அரசர்களின் ஆட்சிக்குள் இருந்தது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம்.

சீர்திருத்தச் சபையினர் (புராட்டஸ்டன்ட்கள்) புனிதர் வழிபாட்டை ஒழித்துக்கட்டப் பார்த்தும் வீட்டுக்குள் இருந்த விழா போகவில்லை. ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ்மியூசியத்தில் யான் ஸ்டேன் 1660களில் வரைந்த ஓர் ஓவியம் இருக்கிறது. விழா நாள் காட்சிதான். ஒரு சிறுமி கையில் பொம்மையும் தின்பண்ட வாளியுமாக நிற்கிறாள். அம்மா கை நீட்டியும் கொடுக்க மனமில்லை. பக்கத்தில் அண்ணன் அழுகிறான். அவன் ஷூவில் கிடைத்தது அடிக்கும் மிலாறுக் குச்சி. பின்னால் பாட்டி திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்று அவனைச் சைகையால் கூப்பிடுகிறாள். உண்மையான பரிசு அங்கேதான் இருக்கிறது போலும். விழாவை எப்படி நடத்துவது என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் கிடையாது.

நீராவிக் கப்பலும் பக்கத்தில் நிற்கும் பணியாளும் பின்னால் சேர்ந்தவை. 1850இல் ஆம்ஸ்டர்டாம் பள்ளி ஆசிரியர் யான் ஸ்கெங்க்மன் வெளியிட்ட குழந்தைகள் படப்புத்தகம் அவற்றை நிலைநிறுத்தியது. நியூயார்க் ஒருகாலத்தில் நியூ ஆம்ஸ்டர்டாமாக இருந்த ஊர். அங்கே சின்டர்கிளாஸ் என்ற பெயர் தேய்ந்து சான்டா கிளாஸ் ஆனது. 1823இல் வெளிவந்த ஓர் அமெரிக்கக் கவிதை அவரைக் கலைமான் வண்டியில் ஏற்றி, நாளையும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவுக்குத் தள்ளிவிட்டது. குளிர்பான விளம்பரம்தான் அவருக்குச் சிவப்பு உடுத்தியது என்பார்கள். அந்த விளம்பரம் 1931இல் வந்தது. சிவப்பு அதற்கு முன்பே படங்களில் இருந்தது, ஆயரின் மேலங்கியிலோ அதற்கும் வெகு முன்பே.

ஷூ வைப்பது

நவம்பர் 11 மார்ட்டின் திருநாள். அதற்குப் பிந்தைய சனிக்கிழமை சின்டர்கிளாஸின் கப்பல் நாட்டுக்குள் வருவதைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டுவார்கள். அன்றிரவு முதல் டிசம்பர் 5 வரை ஷூ வைக்கலாம். தினமும் வைக்கச் சம்மதித்தால் மூன்று வாரத்தில் பர்ஸ் காலி. வாரத்துக்கு ஒரு நாள், சனிக்கிழமை, என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பிள்ளையின் சொந்த ஷூ ஒன்று போதும். புகைபோக்கி இருந்தால் அதன் அடியில், இல்லாவிட்டால் ஹீட்டர் பக்கத்திலோ வாசல் கதவருகிலோ வைக்கலாம். உள்ளே சின்டர்கிளாஸின் குதிரைக்கு ஒரு கேரட் அல்லது ஒரு பிடி வைக்கோல், கூடவே பிள்ளை வரைந்த படம். பிறகு எல்லோருமாக ஒரு பாட்டு. அவ்வளவுதான்.

குதிரையின் பெயரில் கவனம் வேண்டும். 2019 முதல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியில் வரும் வெள்ளைக் குதிரை ஓ-ஸோ-ஸ்நெல், அதாவது 'அவ்வளவு வேகம்'. அதற்கு முந்தையது அமெரிகோ. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பக்கம் குதிரைக்கு 'இன்று மோசமான வானிலை' என்று பெயர். பழைய பெயரைச் சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளை திருத்தும்.

பிள்ளை தூங்கியதும் கேரட்டையும் படத்தையும் எடுத்துவிட்டு, ஒரு மாண்டரின், இரண்டு மூன்று சாக்லேட் காசு, ஒரு பிடி க்ரௌட்னோட்டன் (சின்ன மசாலா பிஸ்கட் உருண்டைகள்) போடுங்கள். வேலை ஐந்து நிமிடம்தான், ஆனால் பிடிபடுவதெல்லாம் இந்த ஐந்து நிமிடத்தில்தான்:

- கேரட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் திருப்பி வைக்காதீர்கள். நுனியைக் கடித்துத் தரையில் இரண்டு துணுக்குப் போடுங்கள், மிச்சத்தை மறுநாள் சாம்பாரில் போட்டால் தீர்ந்தது.
- மாண்டரினைச் சமையலறை வலைப்பையிலிருந்து எடுத்தால், ஒன்று குறைவதைப் பிள்ளை கவனிக்கும். தனியாக வாங்கி ஒளித்து வையுங்கள்.
- ஹீட்டருக்கு மேல் வைத்த ஷூவில் சாக்லேட் உருகிப்போகும். 30 டிகிரி தாண்டினாலே இளக ஆரம்பித்துவிடும். ஷூ ஹீட்டருக்குப் பக்கத்தில் தரையில் இருக்கட்டும்.
- பொதி சுற்றும் தாளின் மிச்ச உருளையை வீட்டில் கண்ணில் படும்படி வைக்காதீர்கள்.
- வைக்கவே மறந்துவிட்டீர்களா? எல்லா வீட்டிலும் ஒரு வருடமாவது நடப்பதுதான். "கடும் மூடுபனி, குதிரை கூரையில் வழுக்கியது, நாளை வருகிறேன்" என்று அச்சடித்த ஒரு சீட்டு காப்பாற்றும். கையெழுத்தில் எழுதினால் அம்மாவின் 'g' காட்டிக்கொடுத்துவிடும்.

க்ரௌட்னோட்டன் சுடுவது

கடைகளில் செப்டம்பரிலேயே மூட்டை மூட்டையாக வந்துவிடும். எல்லோரும் பெய்பர்னோட்டன் என்றுதான் சொல்வார்கள். அது உண்மையில் வேறு பண்டம்: புல்லரிசி (ரை) மாவும் தேனும் சோம்பும் சேர்ந்த, ஒழுங்கற்ற சதுரமாக வெட்டிய, மெல்லப் பல் வலிக்கும் துண்டு. உருண்டையாக, மொறுமொறுப்பாக இருப்பது க்ரௌட்னோட்டன். வீட்டில் சுட வேண்டியது இதுதான்.

இதன் உயிர் ஸ்பெகுலாஸ் மசாலா. டப்பாவில் கிடைக்கும், ஆனால் நம் அஞ்சறைப் பெட்டிக்கு அது பெரிய வேலையில்லை. பட்டைத் தூள் 4 தேக்கரண்டி, ஜாதிக்காய்த் தூள் 1, கிராம்புத் தூள் 1, சுக்குத் தூள், ஏலக்காய்த் தூள், வெள்ளை மிளகுத் தூள் தலா அரை. கலந்து மூடிவைத்தால் இரண்டு முறைக்கு வரும். இலங்கையின் சுருள் பட்டைதான் மூல ருசி. 1658 முதல் 1796 வரை இலங்கைக் கரையோரத்தை ஒல்லாந்தர் பிடித்துவைத்திருந்ததில் பெரும்பங்கு இந்தப் பட்டைக்காகத்தான்; ஜாதிக்காய் பண்டா தீவுகளிலிருந்து, மிளகு மலபாரிலிருந்து. டிசம்பர் மாதத்து டச்சு அடுப்பில் நம் பக்கத்து வாசனை அடிப்பதற்குக் காரணம் அதுவே. பிரியாணிக்குப் போடும் தடித்த பட்டைதான் கையில் இருக்கிறதென்றால் 3 தேக்கரண்டி போதும், அது காரம் கூடியது.

மாவுக்கு: மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, கருஞ்சர்க்கரை 125 கிராம், உப்பில்லாத குளிர்ந்த வெண்ணெய் 100 கிராம், பால் 3 மேசைக்கரண்டி, மசாலா 1 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. டச்சுக் கடையில் 'பாஸ்டர்ட்' என்று ஒரு ஈரச் சர்க்கரை கிடைக்கும், அதில் கருநிறமானது வேண்டும். இல்லாத இடத்தில் நாட்டுச் சர்க்கரையைச் சலித்துப் போடலாம். நிறம் கொஞ்சம் வெளுக்கும், ருசி குறையாது. பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்த மாவை வாங்கியிருந்தால் தனியாகச் சேர்க்க வேண்டாம். அதுதான் முதல் தடவை எல்லோரும் செய்கிற தவறு. உருண்டைகள் பொங்கி, அப்பளம்போல் தட்டையாகிவிடும்.

உலர்ந்த பொருள்களைக் கலந்து, வெண்ணெயைத் துண்டு போட்டு, விரல் நுனியால் புட்டுமாவு பதத்துக்குத் தேய்க்கவும். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு உருட்டவும். சப்பாத்தி மாவுபோல் அடித்துப் பிசையக் கூடாது, கடினமாகிவிடும். மூடி ஒரு மணி நேரமாவது குளிரில் வைக்கவும். ஓர் இரவு வைத்தால் மசாலா இறங்கி வேறு ருசி வரும்.

பிறகு விரல் பருமனில் கயிறாகத் திரித்து, இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, உள்ளங்கையில் உருட்டுங்கள். கொண்டைக்கடலையைவிடப் பெரிது, நெல்லிக்காயைவிடச் சின்னது, அதுதான் அளவு. நூறு உருண்டை சுமாராக வரும். தாள் விரித்த தட்டில் விரற்கடை இடைவெளி விட்டு அடுக்கி, லேசாக ஒரு தட்டுத் தட்டி, 170 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். வெளியே எடுக்கும்போது நடுவில் அமுக்கினால் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும். ஆறியபின் மொறுமொறுப்பாகிவிடும். அடுப்பிலேயே மொறுமொறுப்பு வரட்டும் என்று விட்டால் கல்லாகிவிடும். மறுநாள் நமுத்துப்போனால் காரணம் ஒன்றுதான்: சூடாறுவதற்கு முன் டப்பாவில் அடைத்தது. 150 டிகிரியில் ஐந்து நிமிடம் திரும்பக் காட்டினால் சரியாகும். கசந்தால் கிராம்பு அதிகம், அதற்கு மருந்தில்லை.

சீட்டு, சுர்ப்ரீஸ, பாட்டு

இனி பெரியவர்களின் பகுதி. எட்டு வயதுக்கு மேல் பிள்ளைகளுக்கு ரகசியம் தெரிந்துவிடும். பள்ளியிலும் அந்த வயதுக்குப் பிறகுதான் சீட்டுக் குலுக்கல். ஒவ்வொருவரும் ஒரு பெயர் எடுத்து, அந்த ஒருவருக்கு மட்டும் பரிசு. நவம்பர் நடுவிலேயே குலுக்கி, தொகைக்கு உச்சவரம்பு வைத்துவிடுங்கள். தம்பதியர் ஒருவரை ஒருவர் எடுத்தால் திரும்பக் குலுக்குவது வழக்கம்.

பரிசை அப்படியே கொடுக்கக் கூடாது. வாங்குபவரின் குணத்தையோ பைத்தியத்தையோ காட்டும் ஓர் உருவம் செய்து, அதற்குள் ஒளிக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் சுர்ப்ரீஸ. காபிப் பிரியருக்கு அரை மீட்டர் உயரக் கோப்பை, கிரிக்கெட் பையனுக்கு மட்டை. அட்டைப்பெட்டியில் செய்வது சுலபம். வட்ட வடிவம் வேண்டுமென்றால் பலூனும் செய்தித்தாளும்.

பசைக்குச் சுவரொட்டிக்காரர்கள் காய்ச்சும் மைதா பசை போதும்: அரைக் கப் மைதாவை அரைக் கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் 2 கப் தண்ணீரில் ஊற்றி மூன்று நிமிடம் கிண்டவும். ஒரு கரண்டி உப்புச் சேர்த்தால் பூஞ்சை பிடிப்பது குறையும். தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள், விளிம்பு படியும். மூன்று அடுக்கு, ஒவ்வொரு அடுக்கும் ஒரு நாள் காய வேண்டும். நவம்பர் ஈரத்தில் அதற்குக் குறைந்தால் உள்ளே சொதசொதவென்று இருக்கும், பலூனை உடைத்ததும் உருவமும் கூடவே உட்காரும். நான்காம் நாள் வண்ணம், ஐந்தாம் நாள் அடியில் வெட்டிப் பரிசை வைத்து ஒட்டுவது. ஆக, நவம்பர் 28க்குள் தொடங்காவிட்டால் அட்டைப்பெட்டிக்கே போய்விடுங்கள். பரிசைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

இன்னொன்று: இது பள்ளிக்குச் சைக்கிளில் போக வேண்டிய பொருள், அன்றைக்கு மழையும் இருக்கும். முன்கூடையின் அகலத்தை அளந்துவிட்டு ஆரம்பியுங்கள். கூடவே ஒரு குப்பைப்பையும் எடுத்துவையுங்கள், மேலே கவிழ்க்க.

பாட்டுத்தான் பலர் பயப்படும் இடம். பயப்பட ஒன்றுமில்லை, இலக்கியம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. டச்சில் அடிகள் இரண்டிரண்டாகக் கடைசி ஒலியில் ஒன்றும், நம் யாப்பில் இயைபு என்பதுபோல. 'டெங்கன்', 'ஸ்கெங்கன்' என்று யோசிப்பதையும் பரிசளிப்பதையும் ஒலிசேர்த்து ஆரம்பிப்பது அலுத்துப்போன முதல் வரி. அதைத் தவிர்த்தாலே பாதி மதிப்பெண். எட்டு முதல் இருபது அடி. அந்த வருடம் அவர் செய்த ஒரு கூத்து, ஒரு சீண்டல், உள்ளே இருப்பது பற்றி ஒரு துப்பு. பேசுபவர் சின்டர்கிளாஸ், 'நான்' என்று எழுதினால் கெட்டது. வீட்டில் தமிழிலேயே எழுதலாம், இப்படி:

சாவியைத் தொலைப்பதே சங்கரிக்கு வேலை,
சைக்கிளைத் தூக்கியே கடந்தாளாம் சாலை.
தேடித் தேடியே தேய்ந்தது காலணி,
தெருவே சொல்லுது 'திறப்பில்லா ராணி'.
வெள்ளைக் குதிரையில் வந்தவர் பார்த்தார்,
விடையொன்று சாக்கினில் கட்டியே சேர்த்தார்.
பிரிக்குமுன் ஒருமுறை சட்டைப்பை தட்டு,
பிரித்தபின் இதையும் தொலைக்காதே விட்டு!

சீண்டல் எதுவரை என்பதற்கு ஓர் அளவு: அவரே சிரித்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்கிற குறை என்றால் எழுதலாம். உடம்பு, கடன், மதிப்பெண், கல்யாணம் ஆகாதது ஆகியவற்றைத் தொடக் கூடாது. பாட்டை வாங்கியவரே எல்லோர் முன்னும் உரக்க வாசித்தாக வேண்டும் என்பதை எழுதும்போது நினைவில் வையுங்கள்.

அந்த மாலை

சமையலை எளிதாக முடித்து ஆறரைக்குள் எல்லோரும் கூடத்தில் இருக்க வேண்டும். சாக்கு மூட்டையைப் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே கொடுத்துவையுங்கள். சொன்ன நேரத்தில் அவர் மூட்டையை வாசலில் வைத்து, கதவை ஓங்கித் தட்டிவிட்டு ஓடிவிட வேண்டும். வாசல் விளக்கை அணைத்துவையுங்கள், ஓடும் முதுகு தெரிந்துவிடும். பதிலுக்கு அவர் வீட்டுக் கதவை நீங்கள் தட்டுவது ஒப்பந்தம்.

கதவு தட்டுவதற்குச் சற்று முன், கூடத்துக் கதவு இடுக்கு வழியாக ஒரு கறுப்புக் கையுறை க்ரௌட்னோட்டனை அள்ளி எறிய வேண்டும். இது பீட் எனப்படும் பணியாளின் கை, எறிவது கதையில் ஜன்னல் வழியாக வந்த பொன். தரை உயரத்தில் உருட்டி விடுங்கள். மேலே எறிந்தால் குழந்தையின் கண்ணில் படும். யாராவது பீட் வேடம் போடுவதாக இருந்தால் கன்னத்திலும் நெற்றியிலும் நாலைந்து கரிக்கோடு, அவ்வளவே. முகம் முழுக்கக் கறுப்புப் பூசி உதட்டுக்குச் சிவப்பிடும் பழைய வேடம் அடிமை வியாபாரம் நடந்த நாட்டின் கேலிச்சித்திரம். பல வருட எதிர்ப்புக்குப் பிறகு 2019இல் தேசியத் தொலைக்காட்சி ஊர்வலமே புகைக்கரி பீட்டுக்கு மாறிவிட்டது. பழக்கம்தானே என்று இன்னும் வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளின் நிறத்தை வைத்து வகுப்பில் 'பீட்' என்ற பெயர் வரும்போது அந்த வாதம் எடுபடாது.

சின்டர்கிளாஸாகவே ஒருவர் வருவதென்றால்: வெள்ளை நீள அங்கி, சிவப்பு மேலங்கி, சிலுவை வைத்த உயரமான ஆயர் தொப்பி, வெள்ளைக் கையுறை, வளைதலைக் கோல், எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்கும் பெரிய புத்தகம். கோலின் வளைவு முன்பக்கம் பார்க்க வேண்டும். 'ஹோ ஹோ' சிரிப்பும் தொந்தியும் பேரன் கிறிஸ்துமஸ் தாத்தாவுடையவை. இவர் மெலிந்தவர், நிதானமாகப் பேசுபவர். அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்லுங்கள்.

மூட்டையிலிருந்து ஒன்றொன்றாக எடுத்து, பெயர் வாசித்து, பாட்டு முடிந்த பிறகே பிரிக்க வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகும். எட்டுப் பேர் என்றால் ஒன்றரை மணி நேரம் போய்விடும், சின்னக் குழந்தைகளின் பொதிகள் தனி. அதனால் சின்னவர்களை முதலில் முடியுங்கள். நன்றி சொல்லும்போது அறையைப் பார்த்து "நன்றி சின்டர்கிளாஸ்" என்று சொல்வதுதான் முறை. யார் எழுதியது என்று ஊகிக்கலாம், எழுதியவர் ஒப்புக்கொள்ளக் கூடாது. மூன்றாம் பொற்கிழியன்று அந்தத் தகப்பன் கொடுத்த வாக்கு அது.

ஆளுக்கொரு சாக்லேட் எழுத்து, அவரவர் பெயரின் முதல் எழுத்து, கட்டாயம் உண்டு. 'M' கிடைத்தவனுக்குப் பெரிது, 'I' கிடைத்தவளுக்குச் சின்னது என்று சண்டை வரும். பெட்டியைத் திருப்பி எடையைக் காட்டுங்கள்: ஒரே வகையில் எல்லா எழுத்தும் ஒரே எடை, ஒல்லி எழுத்தைத் தடிமனாக வார்த்திருப்பார்கள்.

டிசம்பர் 6 அவர் கிளம்பிவிட்டார். மிஞ்சிய எழுத்துகளைக் கடைகளில் விலை குறைத்துத் தள்ளிவிடுவார்கள், சமையலுக்கு வாங்கிவைக்கலாம். கிறிஸ்துமஸ் மரத்தைப் பல வீடுகள் இதற்குப் பிறகே உள்ளே கொண்டுவரும். மரத்தை நிறுத்துவதற்கு முன் சோபாவை நகர்த்திப் பெருக்கிவிடுங்கள். வீட்டில் நாய் இருந்தால் அன்றிரவே பெருக்க வேண்டும். ஜாதிக்காயும் சாக்லேட்டும் அதற்கு ஆகாது.